தொழிற்பேட்டைக்குக் கரண்ட் வரும் முன்

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் மொத்தம் முப்பது கணினிகள். பதினான்கை முடித்துவிட்டுப் பதினைந்தாவதுக்கு எதிரே கணினிகளைப் பார்க்க வந்திருந்த சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டபோது கரண்ட் போயிற்று.

"போனதப் பத்திக் கவலையில்ல," என்றார் கணினி ஆசிரியர். "வரும்போது பாருங்க வேடிக்கைய. இதுக்காகத்தான் உங்கள வரச் சொன்னதே."

அந்த வேடிக்கை அவளுக்குத் தெரிந்ததுதான். கரண்ட் திரும்பியதும் முப்பது கணினிகளும் யாரும் தொடாமலேயே ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும். அத்தனையின் பசியையும் சேர்ந்தாற்போலத் தாங்க முடியாமல் சுவரிலிருக்கும் டிரிப்பர் விழும். தூக்கிவிட்டால் மறுபடி எல்லாம் எழும், மறுபடி விழும். ஆகவே ஒவ்வொரு கணினியிடமும், கரண்ட் வந்தாலும் ஓர் ஆள் வந்து பொத்தானை அமுக்கும்வரை சும்மா கிட என்று சொல்லிவைக்க வேண்டும். அதுதான் இன்றைய வேலை.

ஆசிரியர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பேச ஆளில்லாத அறை அவளுக்குப் பாரமாக இருந்ததில்லை. பேச ஆள் இருந்தும் பேச்சில்லாத வீட்டிலிருந்து வருகிறவளுக்கு இது ஓய்வு மாதிரி. அண்ணன், அண்ணி, அவள் மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே பட்டறை. பலகை வெட்டி அலமாரிக் கதவு செய்யும் பட்டறை. நான்கு மாதத்துக்கு முன்பு பதினொரு கதவுகள் முப்பது மில்லிமீட்டர் குட்டையாக வெட்டுப்பட்டுப் போயின. அளவைத் தாளில் பார்த்துப் படித்தவள் அண்ணி. கேட்டுக் கணினியில் தட்டியவள் இவள். படித்தது பிசகா, தட்டியது பிசகா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தாளும் தொலைந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசித் தீர்த்தார்கள், அதோடு பேச்சு நின்றது. அதன் பிறகு எதுவானாலும் அண்ணன் வழியாகத்தான் போகும். "சின்னவள சாப்பிட வரச் சொல்லுங்க." "பசியில்லன்னு சொல்லிடு அண்ணா." இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றுகொண்டே இப்படிப் பேசுவார்கள். பட்டறையில் வேலை செய்யும் ஆட்கள் அண்ணனுக்குத் தபால்காரர் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது.

அவள் முடித்து வைத்திருந்த பதினான்கும் இருட்டாகவே கிடந்தன. மற்ற பதினாறும் எழுந்தன. ஒவ்வொன்றாகத் திரை வெளுத்து, விசிறிகள் உறுமி, ஆளில்லாத பதினாறு நாற்காலிகளுக்கு முன்னால் பதினாறு வெளிச்சங்கள். டிரிப்பர் இந்த முறை விழவில்லை. பாதிதானே என்று அவள் கணக்குப் போட்டாள்.

பட்டறைக் கணினியும் இப்படித்தான் எழும். முந்தாநாள் சாயங்காலந்தான் அவள் அப்படி மாற்றி வைத்தாள். நேற்று அதிசயமாகக் கரண்ட் போகவே இல்லை, அதற்குப் பிறகு போனது இன்றைக்குத்தான்.

அதற்குக் காரணம் அண்ணன். ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிறது, ஒவ்வொரு தடவையும் ஒருவர் பரணுக்கு ஏறிக் கணினியைத் தட்டி எழுப்பி, கடவுச்சொல் அடித்து, வெட்டும் மெஷினின் நிரலைத் திறந்து, பாலத்தை அதன் மூலைக்கு அனுப்பி வைக்க எட்டு நிமிஷம் ஆகிறது என்று அவர் ஒரு மாதமாகப் புலம்பினார். "கரண்ட் வந்தா அது தானா எழுந்து, முகம் கழுவி, வேலைக்குத் தயாரா நிக்கணும். மனுஷங்கதான் நிக்கிறதில்ல, மெஷினாவது நிக்கட்டுமே." அவள் செய்து கொடுத்தாள். கரண்ட் வந்ததும் கணினி எழும், நிரல் திறக்கும், பாலம் தானே தன் மூலைக்குப் போய் நிற்கும். வெட்டுக்கத்தி மட்டும் சுற்றாது. அதைக் கையால்தான் போடவேண்டும். கத்தி சுற்றவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைத்தாள். கத்தியைப் பற்றித்தான் நினைத்தாளே தவிரப் பாலத்தைப் பற்றி நினைக்கவில்லை.

பாலம் என்பது மெஷின் மேசைக்குக் குறுக்கே நிற்கும் இரும்பு உத்தரம். இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஓடும். நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். தண்டவாளத்துக்குக் கீழே மரத்தூள் உறிஞ்சும் துளை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டே இருக்கும். மெஷின் ஓடும்போது அதில் கை விட முடியாது. நாள் முழுக்க ஓடுகிற மெஷினை இதற்காக நிறுத்தவும் அண்ணனுக்கு மனசு வராது. ஆகவே கரண்ட் போகிற நேரந்தான் அந்தப் பட்டறையில் துப்புரவு நேரம். கரண்ட் போனால் அண்ணி மேசைமேல் ஏறிக் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, அடைத்த தூளைப் பிடிபிடியாக எடுத்துப் போடுவாள். சுவரில் அந்த மெஷினுக்கென்று தனியாக இருக்கும் மெயின் சுவிட்சை யாரும் இறக்குவதில்லை. இறக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. கரண்ட் வந்தாலும் பரணில் ஒருவர் ஏறிப் பொத்தானை அமுக்காதவரை அந்த மெஷின் வெறும் இரும்பு. கரண்ட் வந்து விளக்கெரிந்தாலும் அண்ணி அவசரப்படமாட்டாள். இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது என்று நிதானமாகக் கடைசிப் பிடியை எடுப்பாள்.

இப்போது எட்டு நிமிஷம் இல்லை. ஐம்பது விநாடி.

அண்ணியிடம் அவள் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னாள். "அண்ணிகிட்டயும் சொல்லிடு அண்ணா." அண்ணன் "ம்" என்றார். அப்போது அண்ணி ஆறடி தள்ளி நின்று கதவு ஓரத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறடி. திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது.

அண்ணியின் எண்ணை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். தூள் படும் என்று அண்ணி போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி வைப்பது வழக்கம். அதனால் எடுக்காமல் இருக்கலாம். இல்லை, யார் கூப்பிடுவது என்று பார்த்துவிட்டு எடுக்காமலும் இருக்கலாம். அண்ணனை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஏதோ கட்டிடத்தின் நிலவறையில் கதவு மாட்டப் போயிருக்கிறார். பட்டறையில் அண்ணி மட்டுந்தான்.

ஒரு விஷயம் மட்டும் கைகொடுத்தது. ஊருக்குள் கரண்ட் வந்த கையோடு பட்டறை இருக்கும் தொழிற்பேட்டைக்கு வந்துவிடாது. கோளாறு சரியான பிறகு ஊர் லைனை முதலில் போடுவார்கள், பேட்டை லைனைக் கடைசியில். சில நாள் ஐந்து நிமிஷ இடைவெளி இருக்கும், சில நாள் அரை மணி. பட்டறைக்குப் போய்ச் சேர ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிஷம். துணை மின்நிலையமோ பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில்.

பையை விட்டுவிட்டு ஓடினாள்.

மின்நிலையத்துக் கேட்டில் காவலாளி யாருமில்லை. ஜல்லிக்கற்கள் மேல் செருப்பு வழுக்க, உறுமும் டிரான்ஸ்பார்மர்களைத் தாண்டி, திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தாள். நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. கடைசிக்கு முந்தின அலமாரிக்கு முன்னால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். இங்கே ஆபரேட்டர் அவர்தான். ஒரு கை கைப்பிடியில் இருந்தது.

"அந்நியர் உள்ளே வரக்கூடாதுன்னு வெளிய இவ்ளோ பெரிய போர்டு மாட்டியிருக்கே, கண்ணுல படலையா?"

"மேடம், தொழிற்பேட்டை லைன் போட்டாச்சா?"

"போடத்தான் நிக்கிறேன். நீ வந்து மூச்சு வாங்கறத நிறுத்தினா போட்டுடுவேன்."

"போடாதீங்க."

ஆபரேட்டர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"எங்க அண்ணி மெஷினுக்குள்ள கைய விட்டிருப்பாங்க. கரண்ட் வந்தா மெஷின் தானா நகரும். அவங்களுக்கு அது தெரியாது."

"கைய விட்டிருப்பாங்களா, விட்டிருக்காங்களா?"

"தெரியாது மேடம். கரண்ட் போனா அங்கதான் இருப்பாங்க."

"போன் போடு."

"போட்டேன். எடுக்கல."

"வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் வெளிவேலைக்குப் போயிட்டாங்க."

மேசைமேல் இருந்த தொலைபேசி அலறியது. ஆபரேட்டர் எட்டி எடுத்து, "வருது வருது, நாங்க என்ன இங்க சீட்டா ஆடிட்டிருக்கோம்?" என்று சொல்லி வைத்தார். "குளிர்கிடங்குக்காரன். காலைலேர்ந்து ஒம்பதாவது தடவ. அந்த லைன்ல நாப்பது கம்பெனி இருக்கும்மா. நீ என்னடான்னா இருப்பாங்க, இருக்கலாம்னு வந்து நிக்கிற. உங்க அண்ணி ஹாயா உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தா?"

"அப்ப நீங்க என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்."

"திட்டறதுக்கு நான் எதுக்கு? நாப்பது கம்பெனி இருக்கே."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. கைப்பிடியையும் பார்த்தார், இவளையும் பார்த்தார். அந்த நிசப்தத்தில் டிரான்ஸ்பார்மரின் உறுமல் தரை வழியாக ஏறிக் காலில் கேட்டது. மௌனத்தை நிரப்ப வேண்டுமென்று சின்னவளுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. ஆனால் சொல்ல இருந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான்தான் அந்தக் கணினிய மாத்தி வெச்சேன். அவங்ககிட்ட சொல்லல. நாங்க பேசிக்கறதில்ல."

ஆபரேட்டர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

மேசைக்குப் போய் ஒரு நீளமான பேரேட்டைத் திறந்தார். "இது என்னன்னு தெரியுமா? கம்பத்துல ஏறி வேலை செய்யறவங்க எல்லாரும் இதுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவாங்க. ஏறினவனே இறங்கிவந்து, அவன் வாயால 'முடிஞ்சுது, போடலாம்'னு சொல்லணும். அதுவரைக்கும் நான் கைப்பிடியத் தொடமாட்டேன். வேற எவன் சொன்னாலும் செல்லாது. அவன் பொண்டாட்டி சொன்னாலும் செல்லாது, என் ஆபீசர் சொன்னாலும் செல்லாது." பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். "நீ லைன்மேன் இல்ல. இதுல உன் பேர எழுதறது தப்பு. பேரச் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் எழுதினார். நேரம் பதினொன்று பதினைந்து. அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"இந்த நம்பருக்கு நீயே கூப்பிடணும். உன் குரல் எனக்கு ஞாபகமிருக்கும். ஆபீசர் பன்னெண்டுக்குள்ள வந்துடுவார். என்னை நகத்திட்டு அவரே போட்டார்னா நான் அவர் கையப் பிடிச்சுத் தடுக்க முடியாது. நிக்காத, ஓடு."

பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஊருக்குள் கரண்ட் வந்துவிட்டதால் போக்குவரத்து விளக்குகளும் உயிர்பெற்றிருந்தன. முதல் நாற்சந்தியிலேயே சிவப்பு. எண்பது, எழுபத்தொன்பது என்று எண்கள் இறங்கின. ஒரு பேருந்தின் வாலுக்கும் ஒரு சரக்கு வண்டிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு அவள் அந்த எண்களைப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் கண்ணுக்குப் படாத பொருள். இப்போது ஒவ்வொரு விசிறியும், எரிகிற ஒவ்வொரு விளக்கும் அவளைப் பார்த்து ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. அண்ணியின் கையை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. உப்புத்தாள் பிடித்துப் பிடித்து விரல்நுனி வழவழத்த வலது கை. அந்தக் கை தன் தட்டில் சோறு வைத்து நான்கு மாதமாகிறது என்பதும் கூடவே வந்தது. அண்ணி பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், இவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

பச்சை விழுந்தது.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டியபின் சாலையோரத்தில் விளக்குகள் இல்லை, விசிறிகள் இல்லை. தொழிற்பேட்டை ஆரம்பித்தது. பட்டறைகளின் வாசலில் ஆட்கள் கைகட்டி நின்று வானத்தையும் கம்பிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த நாளும் காதைப் பிளக்கிற தெரு, மூச்சு அடக்கினாற்போலக் கிடந்தது. ஆபரேட்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அந்த அமைதி இருக்கும்வரை பயமில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள்.

இரண்டாவது திருப்பத்தில் சாணைக்கல் ஒன்று கிறீச்சென்று அலறியது.

ஸ்கூட்டர் அவள் கையில் ஆடியது. கரண்ட் வந்துவிட்டது. நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று உள்ளுக்குள் யாரோ எண்ணத் தொடங்கிவிட்டார்கள். முப்பதைத் தொடுவதற்குள் அந்தக் கடையின் வாசலில் புகை கக்கிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் கண்ணில் பட்டது. பக்கத்துக் கடை இருட்டு. எதிர்க்கடை இருட்டு. அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் அது வந்த வழியே போயிற்று.

பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தாமல் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேசை தெரிந்தது, பாலம் தெரிந்தது, பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு கால்கள் தெரிந்தன. அண்ணி குப்புறப் படுத்திருந்தாள். தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கையும் காதையும் மூடி ஒரு துண்டு. வலது கை பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான சந்தில் தோள்வரை போயிருந்தது. பக்கத்தில் ஈரத் தூள் ஒரு குவியல்.

கூப்பிட்டால் திடுக்கிட்டுக் கையை இழுப்பாள், இரும்பில் சிராய்க்கும். சின்னவள் கூப்பிடவில்லை. சுவர் ஓரமாக நடந்து மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். இதுவரை யாரும் இறக்காததால் இறுகிப்போயிருந்தது. உடம்பின் எடை முழுவதையும் தொங்கவிட்ட பிறகு 'டக்' என்று இறங்கியது.

"யாரு அது?"

"நான்தான் அண்ணி. கைய வெளிய எடுங்க."

மேசைமேல் ஒரு அசைவும் இல்லை. கேட்டது யார் குரல் என்று நம்ப முடியாததுபோல அண்ணி அப்படியே கிடந்தாள். நான்கு மாதத்தில் முதல் பேச்சு.

"எதுக்கு?"

"எடுங்க. சொல்றேன். முதல்ல எடுங்க."

கை மெதுவாக வெளியே வந்தது. தோளிலிருந்து விரல்வரை சாம்பல் பூசினாற்போல மரத்தூள். அண்ணி எழுந்து உட்கார்ந்து துண்டை முகத்திலிருந்து இறக்கினாள். சின்னவளின் முகத்தையே பார்த்தாள்.

இனி போன் செய்ய வேண்டும். பட்டறைக்குள் அவள் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. தெருவுக்கு ஓடினாள். எண் பேச்சில் இருந்தது. குளிர்கிடங்குக்காரன் பத்தாவது முறையாக இருக்கும். மறுபடி அடித்தாள். பேச்சில். எதிர்ப்பட்டறை வாசலில் நின்றவர்கள், "என்ன தங்கச்சி, உங்களுக்கும் வரலையா? எவனோ கைப்பிடியப் பிடிச்சிக்கிட்டுத் தூங்கறான் போல," என்றார்கள். தெருவே அவள் குரலுக்காக நின்றுகொண்டிருந்தது, தெருவுக்கு அது தெரியாது. நான்காவது முறை மணி அடித்தது.

"யாரு?"

"நான்தான் மேடம். பேரேட்டுல எழுதினீங்களே."

"ஆள் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு. மெயின் சுவிட்சையும் இறக்கிட்டேன். போடலாம்."

"உள்ளதான் இருந்தாங்களா?"

"தோள் வரைக்கும்."

ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது, அது முடிவதற்கு நேரம் எடுத்தது. "சரி. நேரம் எழுதிக்கறேன். பதினொன்னு நாப்பத்தெட்டு." தொடர்பு அறுந்தது.

அவள் உள்ளே திரும்பி வருவதற்குள் தெரு உறுமிக்கொண்டு எழுந்தது. பட்டறையின் குழல்விளக்குகள் இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தன. அண்ணி மேசையிலிருந்து இறங்கிப் பாலத்துக்கு அருகில் நின்றிருந்தாள். பரணில் 'பீப்' என்று ஒரு சத்தம்.

அண்ணி அண்ணாந்து பார்த்தாள். "மேல யாரு?"

"யாருமில்ல."

இருவரும் ஏணிப்படியில் ஏறிப் போனபோது கணினித் திரை விழித்து முடித்திருந்தது. நிரல் தானே திறந்தது. பாலத்துக்கு ஆணை அனுப்பியது. மெயின் சுவிட்ச் இறங்கியிருந்ததால் மெஷினிலிருந்து பதில் வரவில்லை. 'மெஷின் கிடைக்கவில்லை, மீண்டும் முயல்கிறது' என்று எழுத்து வந்தது. ஐந்து விநாடியில் மறைந்தது. மறுபடி வந்தது.

"என்ன பண்ணுது?"

"பாலத்த அந்த மூலைக்கு இழுக்கப் பாக்குது. நீங்க கை விட்டிருந்த பக்கம்."

எழுத்து மறைந்தது, வந்தது.

"எத்தன தடவ கேக்கும்?"

"கிடைக்கிற வரைக்கும்."

அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு தடவையோ எட்டுத் தடவையோ அது கேட்டது. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

"யாரு இப்படி வெச்சது?"

"நான்தான். முந்தாநாள்."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட சொல்லச் சொன்னேன்."

"அவரு நேத்து ராத்திரி எங்கிட்ட ஒரு மணி நேரம் பேசினார். வண்டி டயரப் பத்தி." அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அவர விடு. அவருக்குத் தலைக்குள்ள டயர்தான் ஓடும். நீ எங்கிட்ட சொல்ல மறந்தியா, சொல்லக்கூடாதுன்னு இருந்தியா?"

பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறந்துவிட்டேன் என்றால் முடிந்தது. எல்லோரும் மறக்கிறார்கள். சின்னவள் கீழே இருந்த குவியலைப் பார்த்தாள். தூளுக்கு நடுவில் அண்ணியின் விரல்கள் பதிந்த தடம் ஐந்து கோடாகத் தெரிந்தது.

"மறக்கல. பக்கத்துலதான் நின்னீங்க. நான் ஏன் முதல்ல வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்."

திரை கேட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூவினார்கள். சின்னவள் அடி வாங்கத் தயாராக நின்றாள். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"என் போன் மணி அடிச்சுது," என்றாள் அண்ணி. "இழுப்பறைக்குள்ள. காதுல விழுந்துது. ரெண்டு தடவ. நீயாத்தான் இருப்பேன்னு நினைச்சேன். உங்க அண்ணன் ஒரு தடவைக்கு மேல கூப்பிடமாட்டார்." துண்டை உதறினாள். "எழுந்து போய் எடுக்கல."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள்.

"எங்க மாத்துவ அத? காட்டு."

சின்னவள் கணினியை அணைத்து மறுபடி போட்டு, அது முழுதாக விழிப்பதற்குமுன் ஒரு பொத்தானைத் தட்டினாள். நீலத் திரை வந்தது. கரண்ட் போய் வந்தால் என்ன செய்யவேண்டும் என்ற இடத்தில் மூன்று வரிகள் இருந்தன.

"முதல் வரி, கரண்ட் வந்தா எழுந்துக்கோ. இப்ப அதுல இருக்கு. ரெண்டாவது, கரண்ட் வந்தாலும் சும்மா கிட. மூணாவது, போகும்போது எப்படி இருந்தியோ அப்படியே இரு."

"மூணாவது ஞாயமாத்தானே இருக்கு?"

"போகும்போது அது வேலை செஞ்சிட்டுதானே இருந்துது? அதனால திரும்ப எழுந்து வேலையத்தான் ஆரம்பிக்கும். நடுவுல யாரு எங்க கை வெச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது."

அண்ணி தூள் படிந்த விரலைத் தன் துணியில் துடைத்துக்கொண்டு, "கீழ எறங்கறது எந்தப் பொத்தான்?" என்றாள். சின்னவள் காட்டினாள். அண்ணி ஒரு தடவை தட்டினாள். வெளிச்சக்கோடு இரண்டாவது வரிக்கு இறங்கியது. "எட்டு நிமிஷந்தானே. ஏறி வரேன். எனக்கென்ன, கால் இல்லையா? உங்க அண்ணன் கேட்டா நான்தான் மாத்தினேன்னு சொல்லு. இல்ல, வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

கீழே இறங்கினார்கள். சின்னவள் உட்காரலாம் என்று ஒரு பலகைக் கட்டை நோக்கிப் போனாள்.

"எங்க உக்கார்ற? தூள் பாதிதான் எடுத்திருக்கேன்."

"நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணி."

"நாளைக்கு வெச்சா நாளைக்கும் இந்த பயம் இருக்கும். நாளன்னைக்கும் இருக்கும். அப்புறம் என்னைக்குமே கை விடமாட்டேன்." அண்ணி துண்டை மறுபடி முகத்தில் கட்டினாள். கட்டும்போது விரல்கள் முடிச்சைத் தவறவிட்டன. இரண்டாம் தடவைதான் முடிச்சு விழுந்தது. "நீ அந்தச் சுவிட்ச் பக்கத்துல போய் நில்லு. யார் வந்து என்ன சொன்னாலும் நகராத. உங்க அண்ணன் வந்தாலும்."

சின்னவள் சுவருக்குப் போனாள். இறங்கியிருந்த கைப்பிடியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பின்பக்கம் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் எரிந்தன, தெரு முழுக்க மெஷின்கள் ஓடின. அண்ணி மேசைமேல் ஏறினாள். சந்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். முதலில் விரல்கள் போயின, பிறகு முழங்கை, பிறகு தோள்.

"நிக்கிறியா?"

"நிக்கறேன் அண்ணி."

ஒரு பிடி தூள் வெளியே வந்து விழுந்தது. கை மறுபடி உள்ளே போயிற்று.

"நிக்கிறியா?"

"இங்கதான் நிக்கறேன்."